ஆட்டோ டைல்யூட்டரில் 100 மடங்கு நீர்த்தால் மட்டும் ரிசல்ட் 6–7% குறைகிறது, இன்டர்னல் ஸ்டாண்டர்டு சரியாகவே இருக்கிறது: எங்கே பார்ப்பது?

நீர்மட்டம்:

வணக்கம். தண்ணீரில் உள்ள தனிமங்களை அளக்கும் எங்கள் ஐசிபி-எம்எஸ் கருவியோடு நான்கு மாதம் முன்பு, சாம்பிளைத் தானே நீர்க்கும் ஒரு ஆட்டோ டைல்யூட்டர் இணைத்தோம். அதுவரை நாளுக்கு 60 தண்ணீர் சாம்பிள்களையும் நானேதான் பிப்பெட்டில் நீர்த்தேன். மாலையில் கட்டைவிரலை மடக்க முடியாது. அதனால் இந்த மெஷின் ஒழுங்காக ஓட வேண்டும் என்பதில் எனக்கு ரொம்ப அக்கறை.

10 மடங்கு நீர்த்தால் கியூசி (அளவு தெரிந்த சோதனைக் கரைசல்) 99–101% வருகிறது. 100 மடங்கு போனால் 93–94%. சோடியம், கால்சியம், மக்னீசியம் எல்லாமே ஒரே அளவு குறைகின்றன. அதே ஸ்டாண்டர்டைக் கையால் 100 மடங்கு நீர்த்து வைத்தால் சரியாக வருகிறது. பிளாங்க் (சாம்பிள் சேர்க்காத வெறும் கரைசல்) சுத்தம். இன்டர்னல் ஸ்டாண்டர்டாக, அதாவது சிக்னலைச் சரிபார்க்கத் தெரிந்த அளவில் சேர்க்கும் ஸ்காண்டியம், இட்ரியம், இண்டியம், பிஸ்மத் நான்கும் 97–102%க்குள் நிற்கின்றன. இவற்றை நீர்க்கும் திரவமான டைல்யூயன்ட்டிலேயே கலந்திருக்கிறோம். கடைசியில் வரும் 10 மில்லியை எடை போட்டும் பார்த்தேன், குறையவில்லை.

ஒரே 10 மில்லி சிரிஞ்ச்தான் சாம்பிளையும் டைல்யூயன்ட்டையும் எடுக்கிறது. இன்டர்னல் ஸ்டாண்டர்டு சரியாக இருக்கும்போது டைல்யூஷன் எப்படித் தப்பாகும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

வெள்ளிக்கம்பி:

முதலில் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். சிரிஞ்சின் மேல் மூலையில் கடுகளவு காற்று ஒட்டியிருந்தாலே போதும், இழுக்கும்போது அது விரிந்து கொடுத்துவிடும். டைல்யூயன்ட்டைக் காற்று நீக்கி ஊற்றுங்கள், ட்யூப் இணைப்புகளை ஒருமுறை இறுக்குங்கள். எங்களுக்கு இரண்டு முறை இதில்தான் சரியானது.

துலாக்கோல்:

குமிழியாக இருந்தால் ஒரு நாள் 90, ஒரு நாள் 98 என்று சிதறும். உங்களுக்கு 93–94 என்று ஒரே இடத்தில் நிற்கிறது. இது வேறு.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதே நம்பிக்கையில் நானும் ஒரு மாத ரிசல்ட்டைத் திரும்ப ஓட்ட வேண்டியதாகிவிட்டது. இன்டர்னல் ஸ்டாண்டர்டு டைல்யூயன்ட்டில் இருக்கிறது. 100 மடங்கில் 10 மில்லியில் 9.9 மில்லி டைல்யூயன்ட். சாம்பிள் 100 மைக்ரோலிட்டருக்குப் பதில் 93 எடுக்கப்பட்டு, அந்த இடத்தை டைல்யூயன்ட் நிரப்பினால், இன்டர்னல் ஸ்டாண்டர்டு மாறுவது 0.07% மட்டும். அது எந்தத் திரையிலும் தெரியாது. மொத்த எடையும் அதே 10 கிராம்தான். நீங்கள் பார்த்த இரண்டு சோதனைகளுமே சாம்பிள் எவ்வளவு போனது என்பதைப் பார்க்கவே இல்லை. டைல்யூயன்ட்டில் கலக்காமல் ஒய் இணைப்பு வழியாக ஆன்லைனில் சேர்த்தாலும் இதே கதைதான். பிளாஸ்மாவில் நடக்கும் சிக்னல் ஏற்ற இறக்கத்தை அது பிடிக்கும், சாம்பிளைத் தூவலாக்கும் நெபுலைசரின் அடைப்பைப் பிடிக்கும். தனக்கு முன்னால் நடந்துவிட்ட அளவுப் பிழை அதற்குத் தெரியாது.

இப்போது ஒரு கணக்கு. உங்கள் மேனுவலில் சிரிஞ்சின் முழு வீச்சுக்கு மோட்டார் எத்தனை படி நகரும் என்று பாருங்கள். பல சிரிஞ்ச் பம்புகளில் 3000 இருக்கும். 10 மில்லியை 3000ஆல் வகுத்தால் ஒரு படிக்கு 3.3 மைக்ரோலிட்டர். அப்படியானால் 100 மைக்ரோலிட்டர் வெறும் 30 படி. தள்ளிக்கொண்டிருந்த பிளஞ்சர் (சிரிஞ்சின் உள்தண்டு) திசை மாறி இழுக்கத் தொடங்கும்போது, திருகில் இருக்கும் இடைவெளி முதல் ஓரிரு படிகளைத் தின்றுவிடும். மோட்டார் சுற்றும், பிளஞ்சர் நகராது. இரண்டு படி போனால் 6.7 மைக்ரோலிட்டர். 100க்கு அது 6.7%, 10 மடங்கில் எடுக்கும் 1 மில்லிக்கு 0.67%. உங்கள் எண்கள் இரண்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

உறுதி செய்ய இரண்டு வழி. ஒன்று தராசு. 0.1 மில்லிகிராம் காட்டும் தராசில் சாம்பிள் குப்பியை எடை போட்டு, மெஷினை 100 மைக்ரோலிட்டர் இழுக்க விட்டு, மறுபடி எடை போடுங்கள். பத்து முறை. 25 டிகிரியில் தண்ணீர் 0.0997 கிராம் குறைய வேண்டும். ஆனால் சாம்பிளை உறிஞ்சும் குழாயான புரோபின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு போகும் ஈரமும், ஆவியாவதும் இதில் கலந்துவிடும். அதனால் எதையும் இழுக்காமல் புரோபை முக்கி எடுக்கும் ஓட்டம் ஒன்றையும் பத்து முறை செய்து, அந்தச் சராசரியைக் கழித்துவிடுங்கள். இதை விட்டால் 2–3 மைக்ரோலிட்டர் உங்களை ஏமாற்றிவிடும்.

இன்னொன்று, சாம்பிள் பக்கத்தில் ஒரு தனிமம். 2% நைட்ரிக் அமிலத்தில் 1000 பிபிபி (நூறு கோடியில் இத்தனை பங்கு) ரோடியம் வைத்து மெஷினை 100 மடங்கு நீர்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில், அதே டைல்யூயன்ட்டில் கையால் தயாரித்த 10 பிபிபி. ரோடியம் உங்கள் இன்டர்னல் ஸ்டாண்டர்டு பட்டியலில் இல்லை, அதனால் குழப்பம் வராது. மெஷின் நீர்த்தது 9.3 என்று வந்தால் விஷயம் முடிந்தது.

மூன்றாம்பிறை:

துலாக்கோல் சொன்னதோடு சேர்த்து ஒன்று. 100 மடங்கை ஒரே தாவலில் செய்யாமல் 10, அப்புறம் இன்னொரு 10 என்று இரண்டாகப் பிரிக்கலாமே? ஒவ்வொரு தாவலுக்கும் 1% சிதறல் என்றால் இரண்டும் சேர்ந்து 1.4%தான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. 10 மடங்கிலும் 100 மடங்கிலும் ரேஞ்சுக்குள் விழும் ஒரு தனிமத்தை ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு நிஜ சாம்பிளில் ஒப்பிடுவேன். தண்ணீரில் மக்னீசியம் இதற்குத் தோதாக வரும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைய ரிப்போர்ட் போகாது.

துலாக்கோல்:

மக்னீசியம் யோசனை நல்லது, நானும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு தாவல் மட்டும் இப்போது வேண்டாம். 1.4% என்பது இரு பக்கமும் சிதறும் பிழைக்கான கணக்கு. இங்கே இருப்பது ஒரே பக்கம் சாயும் பிழை, அது 0.67, 0.67 என்று கூடி 1.3% குறைவாக வரும். கியூசி பாஸ் ஆகிவிடும், பழுது உள்ளேயே இருக்கும். முதலில் பழுதைச் சரிசெய்யட்டும்.

நீர்மட்டம்:

மூன்று நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

மேனுவலில் 3000 படி என்றே இருக்கிறது. முக்கி எடுத்த ஓட்டத்தைக் கழித்த பிறகு பத்து எடைகளும் 0.0928 கிராமிலிருந்து 0.0933 வரை. ரோடியம் 9.32 பிபிபி. எடைகளைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கை நடுங்கியது, நான்கு மாதமாக இது இப்படியே போயிருக்கிறது.

மெத்தடைத் திறந்து பார்த்தேன். கழுவும் கட்டம் வெளியே தள்ளுவதில் முடிகிறது, உடனே புரோப் சாம்பிளுக்குள் இறங்கி இழுக்கிறது. நடுவில் காற்று இடைவெளி எடுக்கும் வரி பூஜ்யமாக இருந்தது. அதை 30 மைக்ரோலிட்டர் ஆக்கினேன். இப்போது புரோப் மேலே இருக்கும்போதே பிளஞ்சர் காற்றை இழுக்கிறது, திருகின் இடைவெளி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ரோடியம் 9.94. சாம்பிளுக்கென்று தனியாக 1 மில்லி சிரிஞ்ச் போடவும் சொல்லியிருக்கிறேன்.

பழைய ரிசல்ட்டுகளை 0.933ஆல் வகுத்துத் திருத்தலாமா?

துலாக்கோல்:

வகுக்காதீர்கள். இன்றைக்கு அளந்த இடைவெளிதான் மூன்று மாதம் முன்பும் இருந்தது என்று சொல்ல உங்களிடம் அளவீடு இல்லை. 100 மடங்கில் போன எல்லாவற்றையும் பட்டியலிட்டு, பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். சாம்பிள்கள் நைட்ரிக் அமிலத்தில் பிஎச் 2க்குக் கீழே இருக்கின்றனவா? உலோகங்களுக்குப் பொதுவாக ஏற்கும் காலம் 6 மாதம், மெர்குரிக்கு மட்டும் 28 நாள். இருந்தால் திரும்ப ஓட்டிவிடலாம்.

நீர்மட்டம்:

இருக்கின்றன, அமிலம் சேர்த்துத்தான் வைத்திருக்கிறோம். மெர்குரி எதுவும் 100 மடங்கில் போகவில்லை. பட்டியலில் 212 சாம்பிள் வந்தது, கொடுத்துவிட்டேன். இன்று முதல் 12 ஓடி முடிந்தன. சோடியம் பழைய எண்ணைவிட 6–7% ஏறியிருக்கிறது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை நாளைக் காலை மறுபடி ஓட்டுகிறேன்.