எச்ஐவி சிகிச்சைத் துண்டறிக்கைக்கு ஒரு சொல்: மீட்பா, மீட்சியா, தேறுதலா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புடையீர், வணக்கம். எச்ஐவிக்கான கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்குவோர் கையில் கொடுக்கவிருக்கும் துண்டறிக்கை ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் முடித்துத் தர வேண்டியிருக்கிறது. மருந்து வைரஸை அடக்கிய பின், உடலின் தற்காப்பு மெல்ல மெல்லப் பழைய நிலையை நோக்கித் திரும்புவதைக் குறிக்கும் சொல் அதில் பதினோரு இடங்களில் வருகிறது. "நோயெதிர்ப்பு மண்டல மறுசீரமைப்பு" என்று எழுதிப் பார்த்தேன். அரசாணையைப் படிப்பது போலிருந்தது. "நோயெதிர்ப்பு மீட்பு" என்று மாற்றினேன். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கும் பணிதான் நினைவுக்கு வருகிறது. இந்தத் திரும்புதல் சிலருக்கு அழற்சியாக மாறித் துன்புறுத்துவதும் உண்டு என்பதால், தேர்ந்தெடுக்கும் சொல் "அழற்சி" என்பதோடு இயல்பாகப் புணரவும் வேண்டும். உங்கள் கருத்துகளை அருள்கூர்ந்து எழுதுங்கள்.

மருத்துவர் எழுதியது:

"மீட்பு" என்பதை நான் வேறொரு காரணத்தால் மறுக்கிறேன். இந்த மருந்துகள் வைரஸ் பெருகுவதை மட்டுமே தடுக்கின்றன. எச்ஐவி தாக்கி அழிக்கும் தற்காப்பு வெள்ளணுக்களான சிடி4 அணுக்களில், இழந்துபோன ஒன்றைக்கூட அவை உண்டாக்கித் தருவதில்லை. முதல் சில மாதங்களில் சிடி4 எண்ணிக்கை விரைந்து ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம், நிணநீர்க்கணுக்களில் சிக்கிக் கிடந்த நினைவணுக்கள் (முன்பு எதிர்கொண்ட கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் சிடி4 அணுக்கள்) குருதி ஓட்டத்துக்குத் திரும்பி வருவதுதான். அதன் பின்னான ஏற்றம் மிக மெதுவானது. தைமஸ் சுரப்பியில் புதிய அணுக்கள் முதிர்ந்து வெளிவர வேண்டும், அந்தச் சுரப்பியோ வயதாக ஆகச் சுருங்கிக்கொண்டே போவது. நலமான பெரியவர் ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை சிடி4 அணுக்கள் இருக்கும். 200க்குக் கீழே இறங்கிய பின் சிகிச்சைக்கு வருவோரில் பலருக்கு அந்த அளவை எட்டப் பல ஆண்டுகள் ஆகின்றன. வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிய பிறகும் எண்ணிக்கை ஏறாமலேயே நின்றுவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, யாரோ வந்து மீட்டுக்கொடுத்தது போலவோ, முழுமையாக முடிந்துவிட்டது போலவோ ஒலிக்காத சொல் வேண்டும்.

தமிழாசிரியர் எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதை இலக்கணமும் வழிமொழிகிறது. "மீள்கிறான், மீண்டான்" தன்வினை. "மீட்கிறான், மீட்டான்" பிறவினை. முன்னதிலிருந்து மீட்சியும் பின்னதிலிருந்து மீட்பும் பிறக்கின்றன. தானே மீளும் ஒன்றுக்கு மீட்சியே பொருந்தும். "அழற்சி" என்பதற்கும் அதே "சி" விகுதி அமைந்திருப்பதால் "மீட்சியழற்சி" என்று இணைத்தால் காதுக்கும் இடையூறில்லை.

எனக்கு மனத்தாங்கல் முன்பாதியில்தான் இருக்கிறது. "நோயெதிர்ப்பு" என்பது மூலத்தைப் பார்த்துச் செய்த விளக்கமே தவிர, பெயர் ஆகாது. காவலைக் குறிக்க நம்மிடம் "ஏமம்" இருக்கிறது. வள்ளுவர் 306ஆம் குறளில் "ஏமப் புணை", அதாவது காவலான தெப்பம், என்கிறார். 766இல் படைக்கு ஏமமாவன எவை என்று நான்கைச் சொல்கிறார். உடலுக்குள் இருக்கும் படையின் காவலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது? "ஏமமீட்சி" என்று ஐந்தே எழுத்துகளில் முடிந்துவிடுகிறது. "மண்டலம்" என்ற வடசொல்லும் தேவைப்படாது.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, அதே திருக்குறளின் 738ஆம் குறளை நினைவூட்ட அனுமதியுங்கள். நாட்டுக்கு அணி என எண்ணப்படும் ஐந்தில் பிணியின்மை முதலாவதாகவும் ஏமம் ஐந்தாவதாகவும் தனித்தனியே நிற்கின்றன. அங்கே ஏமம் என்பது நாட்டின் காவல். பிணியைத் தடுக்கும் காவல் என்று அதைச் சுருக்க வள்ளுவர் இடம் தரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதோடு, பேச்சில் இன்று அச்சொல் எஞ்சியிருப்பது "சாமம் ஏமம் பாராமல்" என்ற தொடரில்தான். அங்கே அது நள்ளிரவு. நிகண்டில் பொன்னும் ஏமம்.

இலங்கைப் பாடநூல்களில் "நிர்ப்பீடனம்" என்றே படித்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மண்டலமும் இல்லை, தொகுதிதான் உண்டு. வடமொழிச் சொல் என்று அதைத் தள்ளுவோம் என்றால், அதைப் பயின்றவர்களுக்குத் துண்டறிக்கையின் முதல் வரியே அயலாகிவிடும். இரு கரையிலும் புரியக்கூடியது "நோயெதிர்ப்பாற்றல்" ஒன்றுதான் என்பது என் எண்ணம். ஒரே ஓர் எச்சரிக்கை: அதை "எதிர்ப்பாற்றல்" என்று எங்கும் குறுக்கிவிடாதீர்கள். மாத்திரையைத் தவறவிட்டால் வைரஸ் பெறக்கூடிய மருந்தெதிர்ப்பும் அதே தாளில் வரும். எது யாருடைய எதிர்ப்பு என்று படிப்பவர் குழம்புவார்.

ஆற்றுப்படுத்துநர் எழுதியது:

தாமதமாக நுழைகிறேன், பொறுத்தருள்க. நாள்தோறும் இம்மருந்தை உண்பவர்களோடு பேசுபவள் என்ற முறையில், எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட "மீட்சி"யைத்தான் நான் ஐயுறுகிறேன். "நோயெதிர்ப்பாற்றல் மீட்சி" என்பதைத் தொகை விரித்துப் படிக்க வருபவர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பார்கள்? அவர்கள் கண்ணில் படுவது "நோய்", "மீட்சி" என்ற இரண்டும்தான். எண்ணிக்கை 600 ஆகிவிட்டது, மீண்டுவிட்டேன் என்று சொல்லி மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வைரஸ் உறங்கும் நிலையில் அணுக்களுக்குள் ஒளிந்திருப்பதால், நிறுத்திய சில வாரங்களிலேயே பெரும்பாலும் அது மீண்டும் பெருகிவிடுகிறது. ஏறிய எண்ணிக்கையும் இறங்கிவிடுகிறது.

அவர்கள் வாயிலிருந்தே வரும் சொல் ஒன்று இருக்கிறது: "உடம்பு தேறி வருது." தேறி வருபவர் இன்னும் மருந்து உண்பவர், பத்தியம் காப்பவர். அந்தச் சொல்லில் முடிவு இல்லை, போக்கு மட்டுமே இருக்கிறது. மருத்துவர் கேட்டது இதைத்தானே? "எதிர்ப்புச் சக்தி தேறுதல்" என்று எழுதுங்கள். சக்தி வடசொல் என்பதை அறிவேன். சாகாமல் இருக்க மருந்து உண்பவரிடம் நான் வேறு சொல்லோடு போக மாட்டேன்.

தமிழாசிரியர் எழுதியது:

அம்மையீர், தேறு என்பது நல்ல வேர். தெளிதல் என்பதே அதன் முதற்பொருள். நம்புதலும் துணிதலும் அதிலிருந்து கிளைத்தவை. நோயாளி தேறுவதும் கலங்கிய நீர் தெளிவது போன்றதே. ஆனால் கலைச்சொல்லுக்குக் கிளைவிடும் திறன் வேண்டும். பெயராக்கித் "தேற்றம்" என்றால் கணித மாணவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். "தேறல்" என்றால் சங்கப் பாடல்களில் தெளிந்த கள். "தேறுதலழற்சி" என்று சேர்த்தால் அழற்சி குறைந்து தேறியதாகப் பொருள்படும், நமக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறானது. மீட்சி தவறாகப் படிக்கப்படும் என்ற அச்சத்தை மதிக்கிறேன். அதனால்தான் "நோய்" என்ற சொல்லே இல்லாத ஏமமீட்சியை முன்வைத்தேன் என்பதையும் கருதுங்கள்.

மருத்துவர் எழுதியது:

அழற்சியைப் பற்றிய பகுதிதான் உயிரோடு தொடர்புடையது, அதற்கு வருகிறேன். சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள், எண்ணிக்கை மிகத் தாழ்ந்திருந்தவர்களுக்கே பெரும்பாலும் இது வருகிறது. காசநோய்க்கு மருந்து உண்டு குணமாகிக்கொண்டிருந்தவருக்குக் காய்ச்சல் திரும்பும், கழுத்தில் கணுக்கள் வீங்கும். விழித்துக்கொண்ட தற்காப்பு, எஞ்சிய கிருமிகளோடு ஒரேயடியாகப் பொருதுவதால் வருவது அது. இன்னொரு வகையில், அதுவரை அறிகுறியே காட்டாமல் ஒளிந்திருந்த தொற்று முதன்முறையாக வெளிப்படும். கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையால் மூளையுறை அழற்சி வந்தவர்களுக்கு எச்ஐவி மருந்தைத் தொடங்குவதையே நான்கு முதல் ஆறு வாரங்கள் தள்ளிவைப்பது இந்த ஆபத்தை அஞ்சித்தான்.

நோயாளிக்குத் தெரிய வேண்டியது, மாத்திரை உண்ட பிறகு உடல்நிலை மோசமானால் தானாக நிறுத்திவிடாமல் உடனே மருத்துவரிடம் வர வேண்டும் என்பது. "மீட்சியழற்சி" அதைச் சொல்லுமா? மீள்வதால் வரும் அழற்சி என்று சொல்லும். முதல் வகையை "முரண் மீட்சியழற்சி" என்றும், இரண்டாவதை "வெளிப்படு மீட்சியழற்சி" என்றும் பிரிக்கலாம். பின்னதில் எனக்கே நிறைவில்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாளை காலை அனுப்பியாக வேண்டும் என்பதால் இப்படி எழுதி முடித்திருக்கிறேன். மருத்துவப் பணியாளர்களுக்கான சொற்பட்டியலில் "நோயெதிர்ப்பாற்றல் மீட்சி", "மீட்சியழற்சி" இரண்டும் இருக்கும். நோயாளி படிக்கும் பக்கங்களில் பதினோரு இடங்களிலும் "எதிர்ப்புச் சக்தி தேறி வருதல்" என்றே வருகிறது. அழற்சி வருமிடத்தில் பெயரே வைக்காமல் "உடல் தேறத் தொடங்கும்போது வரும் வீக்கமும் காய்ச்சலும்" என்று விரித்துவிட்டேன். எதிர்ப்பு, சக்தியோடு சேர்ந்தே வருவதால் மருந்தெதிர்ப்போடு குழம்பாது என்று நம்புகிறேன். இரண்டாம் வகை அழற்சிக்குச் சொல் இன்னும் திறந்தே இருக்கிறது.

தமிழாசிரியர் எழுதியது:

பெரும்பான்மைக்கு இணங்குகிறேன், உடன்படவில்லை. ஒரே நிகழ்வுக்குப் பணியாளரிடம் ஒரு சொல்லும் நோயாளியிடம் இன்னொரு சொல்லும் இருந்தால், சீட்டில் "மீட்சி" என்று எழுதப்பட்டதைத்தான் துண்டறிக்கை "தேறுதல்" என்கிறது என்று அவருக்கு யார் சொல்வார்கள்? இரண்டாம் வகைக்கு "மறைவிழந்த" என்பதைக் கருதிப் பாருங்கள். மறைந்திருந்தது தொற்று, மறைவை இழந்ததும் அதுவே.