ஆடிட்டர் ஆபீஸ் பயிற்சியோடு பி.காம்: சேர்க்கலாமா, வேண்டாமா?

ஓமலூரான்:
அக்கா மகள் பிளஸ் டூ காமர்ஸ் நல்ல மார்க்கில் முடித்திருக்கிறாள். சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தொழிற்பயிற்சியோடு சேர்ந்த பி.காம் இருக்கிறதாம். கடைசி இரண்டு செமஸ்டர் வகுப்பு கிடையாது. ஆடிட்டர் ஆபீசில் பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை, அந்தப் பயிற்சிக்கே பட்டத்தில் சேரும் கிரெடிட் புள்ளியும் உண்டு. மூன்று வருஷப் பட்டத்தில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர் வரை இப்படி வைக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025-இல் வழிமுறை வெளியிட்டிருக்கிறது. மச்சானுக்கு இஷ்டமில்லை. "படிக்க அனுப்புறோமா, வேலைக்கு அனுப்புறோமா?" என்கிறார். என் கட்சி, சேர்க்கலாம். பி.காம் முடித்தும் ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடத் தெரியாத பிள்ளைகளை எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன். மறுப்பு இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஏற்காட்டுப் பெண்:
நான் எதிர்க்கிறேன் அண்ணா. ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்பில், ஆபீஸ் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பை சேலத்தில் முடித்துவிட்டு இப்போது கடைசித் தேர்வான ஃபைனலுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு உங்கள் பெண் சி.ஏ. பக்கம் வர நினைத்தால் அந்த இரண்டு செமஸ்டர் பயிற்சி அதில் சேராது. சி.ஏ.வின் நடுத் தேர்வான இன்டரில் இரண்டு குரூப்பும் பாஸ் செய்து, சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டில் பதிவு செய்துகொண்டு, ஒரு சி.ஏ.விடம் செய்வதுதான் ஆர்ட்டிகிள்ஷிப். முன்பு மூன்று வருஷம், 2023 ஜூலையிலிருந்து சேர்பவர்களுக்கு இரண்டு வருஷம். அதே ஆபீசில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

அப்புறம், என்ன வேலை கொடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். நான் இருந்த ஆபீசுக்கு இப்படிப் பட்டப்படிப்புப் பயிற்சியில் பிள்ளைகள் வந்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பர்ச்சேஸ் பில்லை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவது, ஃபைல் கட்டுவது, பேங்கில் செலான் கட்டிவிட்டு வருவது. கணக்குக் கொடுத்த கட்சிக்காரர் இடத்துக்கு ஒரு முறைகூட அவர்களைக் கூட்டிப் போகவில்லை. அவர்கள் ஏற்றிய பில்லை வைத்து நாங்கள் ஆடிட் செய்தோம். அதைப் பார்த்து எனக்கு அப்போதே மனசு கேட்கவில்லை.

கொலுசுக்கடை:
தங்கச்சி, நீங்கள் பார்த்தது ஒரு ஆபீஸ். நான் பார்த்ததைச் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் எனக்கு. எங்கள் தொழிலில் சரக்கு முழுதும் கடையில் இருக்காது. உருக்க ஒரு இடம், கம்பி இழுக்க ஒரு இடம், பற்றவைக்க ஒரு இடம், மெருகு போட ஒரு இடம் என்று வெள்ளி சுற்றிக்கொண்டே இருக்கும். வெள்ளி என்னுடையது, அவர்களுக்குக் கூலி மட்டும்தான்.

போன மார்ச் கடைசியில் இருப்பு எடுக்க ஆடிட்டர் ஆபீசிலிருந்து வந்தவர்களில் ஒரு பெண் பி.காம் பயிற்சியில் இருந்தவள். கடையில் இருந்ததை எடை போட்டு முடித்ததும் மற்றவர்கள் நோட்டை மூடிவிட்டார்கள். அந்தப் பெண் பட்டறைக்குக் கொடுத்த கணக்கை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். ஒரு பட்டறைப் பேரில் வெள்ளி போயிருக்கிறது, மாதக்கணக்கில் திரும்பவில்லை, சேதாரமும் கழிக்கவில்லை. "இது இன்னும் உங்கள் இருப்புதானே சார், அங்கே இருக்கிறது என்று அவர்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும்" என்றாள். கடிதம் கேட்டு ஆள் அனுப்பிய பிறகுதான் அந்தப் பட்டறைக்காரர் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். இந்தக் கேள்வி எந்த வகுப்பறையில் வரும், சொல்லுங்கள்.

ஏற்காட்டுப் பெண்:
அண்ணா, அந்தப் பெண்ணை உங்கள் கடைவரை கூட்டி வந்து, பேச விட்ட ஒரு சீனியர் இருந்தார். நான் கேட்பது அதைத்தான். அந்த சீனியர் இல்லாத ஆபீசில் விழுந்தால் என்ன செய்வது? கல்லூரியில் வகுப்பு சரியில்லை என்றால் துறைத்தலைவரிடம் போகலாம். இங்கே 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி நீங்கள் பயிற்சியாளர், தொழிலாளி இல்லை. தொழிலாளர் சட்டங்கள் பொருந்தாது. முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் அவர்களுக்குக் கிடையாது.

ஒரு விஷயத்தை முழுதாகப் படிக்க நாள் ஆகும். எங்கள் மலையில் காப்பித் தோட்டக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விளைந்த காப்பியைப் பதப்படுத்தி விற்றால், வருமான வரிக்கு அந்த வருமானத்தில் 25 சதவீதம் வியாபார வருமானம், மீதி விவசாய வருமானம். வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதம். ஒரே தோட்டம் இரண்டு விதமாகவும் விற்றால்? எது எவ்வளவு எடை, எந்தச் செலவு எதற்கு என்று பிரிக்க வேண்டும். எங்கள் சார் என்னை களத்தில் நிற்க வைத்து, இருப்புப் புத்தகத்திலிருந்து வரிக் கணக்குவரை கூடவே உட்கார வைத்தார். இரண்டு செமஸ்டரில், அதுவும் பில் ஏற்றிக்கொண்டே, இது வராது.

தாரமங்கலத்துத் தறிவீடு:
நான் இப்படிப் படித்தவன். வீட்டில் விசைத்தறி. சி.ஏ. கோச்சிங் பீஸ் கேட்டதும் அப்பா முகம் எப்படி ஆனது என்று எனக்குத்தான் தெரியும். அக்கா சொல்கிற வழி நல்ல வழிதான், ஆனால் அதில் நடக்க வீட்டில் வசதி வேண்டும். எனக்கு வந்த உதவித்தொகையில்தான் பஸ் பாஸும் தேர்வுக் கட்டணமும் போனது. பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கணக்குப் புத்தகத்தையும் ஒத்துப் பார்க்க அங்கேதான் கற்றேன்: போட்டும் பாஸாகாத செக், பேங்க் பிடித்த கமிஷன், வாடிக்கையாளர் நேராக பேங்க் கணக்கில் போட்ட பணம். இன்றைக்கு ஒரு நூல் கடையில் அந்த வேலையைச் செய்துதான் சம்பளம் வாங்குகிறேன்.

சி.ஏ. கதவும் மூடவில்லை. பி.காமில் 55 சதவீதம் இருந்தால் முதல் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டருக்குப் பதியலாம். நான் பதிந்திருக்கிறேன்.

ஏற்காட்டுப் பெண்:
தம்பி, 55 சதவீதம் சரிதான். நன்றாகப் படியுங்கள். ஆனால் ஓமலூர் அண்ணன் வீட்டுப் பெண் நல்ல மார்க் வாங்கியவள். அவள் இப்போதே ஃபவுண்டேஷன் எழுதினால் உங்களைவிட முன்னாடி ஆர்ட்டிகிள்ஷிப்புக்குப் போய்விடுவாள். அவளுக்கு இந்தச் சுற்று எதற்கு?

ஓமலூரான்:
அவளிடமே கேட்டேன். சி.ஏ. எழுதும் எண்ணம் அவளுக்கு இப்போது இல்லை, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்கிறாள். அக்கா வீட்டு நிலைமைக்கு அது நியாயம். அதனால் என் கட்சி மாறவில்லை.

ஏற்காட்டுப் பெண்:
அப்படியென்றால் இரண்டு விஷயம் மட்டும் கேட்டு வாங்குங்கள் அண்ணா. எந்த ஆபீஸ், யார் பொறுப்பில் என்று எழுதிய ஒப்பந்தம் அரசின் பயிற்சித் திட்ட இணையதளத்தில் பதிவாகிறதா? உதவித்தொகையில் ஒரு பங்கை அரசு கொடுக்கிறது, அதனால் பதிவு முக்கியம். அடுத்து, பயிற்சி எந்த மாதங்களில் வருகிறது? டாக்ஸ் ஆடிட் அறிக்கைக்குக் கெடு வழக்கமாக செப்டம்பர் 30. அந்தச் சமயம் ஆபீசில் இல்லாவிட்டால் ஆடிட்டை அவள் பார்க்கவே மாட்டாள். இருந்தால் ராத்திரி நேரமாகும், ஓமலூர் பஸ்ஸுக்குக் கூட்டிப் போக ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓமலூரான்:
திங்கட்கிழமை மச்சானையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறேன். ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகுதான் பீஸ்.