ஹைட்ராலிக் கிளட்ச் போட்ட அனுபவம்: சூடானால் மட்டும் வழுக்கிய வண்டி

பைக்கில் கிளட்ச் கேபிள் சொல்லிவிட்டுத்தான் அறும். ஃப்ரீ பிளே, அதாவது லீவரின் தளர்வு, நாளுக்கு நாள் கூடும், நாமும் அட்ஜஸ்டரைத் திருகிக்கொண்டே இருப்போம். ஒருநாள் ரப்பர் மூடியை விலக்கிப் பார்த்தால் லீவர் பக்க முனையில் கம்பி நார் நாராகப் பிரிந்து நிற்கும். அதைப் பார்த்த பிறகும் நான் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தபோது பட்டென்று போய்விட்டது. வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மூன்று வருடத்தில் இது இரண்டாவது கேபிள். அதோடு தினமும் இரண்டு மணி நேரம் நெரிசலில் ஓட்டுவதால் இடது மணிக்கட்டில் வலி வேறு. சரி, கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்குக்கு மாற்றிவிடுவோம் என்று முடிவெடுத்தேன்.

மாற்றி ஒரு வருடம் ஆகிறது. இப்போது மனநிறைவாக ஓட்டுகிறேன். ஆனால் முதல் இரண்டு மாதம் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு அந்தப் பகுதிதான் உதவும்.

'ஹைட்ராலிக் போட்டால் கிளட்ச் பஞ்சு மாதிரி ஆகிவிடும்' என்று பலர் சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் இறங்கினேன். ஆனால் இஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகள் அதேதான். அவற்றை அமுக்க வேண்டிய விசையும் அதேதான். கேபிள் உறைக்குள் ஏற்படும் உராய்வு மட்டும்தான் மிச்சமாகிறது. கூர்மையாக வளையாமல் நல்ல வழியில் போகும் புதுக் கேபிளில் அந்த உராய்வே குறைவு. அதற்கு மேல் லேசாக வேண்டுமென்றால் லீவர் அதிக தூரம் நகர வேண்டும், அல்லது பிளேட் குறைவாக விலக வேண்டும். வேறு வழியே கிடையாது. இந்தக் கணக்கை முதலில் போடாததுதான் நான் செய்த பெரிய தவறு.

கணக்கு எளிதானதுதான். லீவரை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த ஆயில் ஓஸ் வழியாகப் போய் இஞ்சின் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை நகர்த்துகிறது. ஸ்லேவ் எவ்வளவு நகரும் என்பதை இரண்டு பிஸ்டன்களின் பரப்பளவு தீர்மானிக்கிறது, அதாவது விட்டத்தின் வர்க்கம். என் வண்டியில் கேபிள், கிளட்ச் ஆர்மை (பிளேட்டுகளை விலக்கும் நெம்புகோலை) வெளியிலிருந்து இழுக்கும். அதனால் இழுக்கிற வகை ஸ்லேவ், 12 மி.மீ. விட்டம். அதற்கு ஜோடியாக 10 மி.மீ. மாஸ்டர் வாங்கினேன். சின்ன பிஸ்டன், லேசான லீவர் என்பதுதான் அப்போதைய நினைப்பு. மாஸ்டர் பிஸ்டன் முழுதாக நகரும் தூரம் 12 மி.மீ. அதை 1.44-ஆல் (144-ஐ 100-ஆல் வகுத்தது) வகுத்தால் ஸ்லேவுக்குக் கிடைப்பது 8.3 மி.மீ. மட்டுமே.

மாட்டி ஓட்டினேன். லீவர் உண்மையிலேயே பஞ்சு. ஆனால் சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழாது. முதல் கியர் போட்டால் 'டங்' என்று ஒரு சத்தம். லீவரை முழுதாகப் பிடித்திருக்கும்போதே வண்டி மெல்ல முன்னால் ஊரும். பிளேட்டுகள் முழுதாகப் பிரியவில்லை என்று அர்த்தம். அதன் பிறகுதான் வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். பழைய கேபிளைத் திரும்ப மாட்டி ஆர்மின் நுனி எவ்வளவு நகர்கிறது என்று அளந்தால் 9.5 மி.மீ. 11 மி.மீ. மாஸ்டர் போட்டால் 12-ஐ 1.19-ஆல் வகுத்து 10 மி.மீ. கிடைக்கும். அதையே போட்டேன். நியூட்ரல் சொன்ன பேச்சு கேட்டது. லீவர் முன்பைவிட ஐந்தில் ஒரு பங்கு கனம் கூடியது, ஆனாலும் பழைய கேபிளைவிட லேசுதான். வாங்கும் முன்பே ஐந்து நிமிடம் அளந்திருந்தால் ஒரு மாஸ்டர் சிலிண்டரின் காசு மிஞ்சியிருக்கும்.

ஸ்லேவ் உட்காருவதற்கான பிராக்கெட்டை நானே செய்தேன். முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டு அப்புறம் 5 மி.மீ. அலுமினியத் தகட்டில். இழுக்கும் திசை ஆர்ம் நகரும் திசையோடு நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கோணலாக இழுத்தால் பிஸ்டன் சீல் ஒரு பக்கமாகத் தேயும். இன்னொன்று, பேஞ்சோ போல்ட், அதாவது ஓஸின் முனையைச் சிலிண்டரோடு இணைக்கும் துளையுள்ள போல்ட். 10 மி.மீ. போல்ட்டில் 1.0, 1.25 என்று இரண்டு புரி அளவு உண்டு. பிரெம்போ நிறுவன மாஸ்டர்களில் பெரும்பாலும் 1.0, ஜப்பானிய மாஸ்டர்களில் பெரும்பாலும் 1.25. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டு சுற்று கையால் போய்விட்டு இறுகினால் ஸ்பேனரைத் தொடாதீர்கள், தவறான போல்ட் அது. வாஷர்கள் புதிதாகவே இருக்கட்டும்.

ஓஸுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுவதில், அதாவது காற்றெடுப்பதில், ஒரு மாலை முழுதும் போனது. வழக்கம்போல லீவரை அடித்து அடித்துக் கீழே ஸ்லேவில் உள்ள பிளீடரை (காற்றை வெளியேற்றும் திருகை) திறந்தால் ஆயில்தான் வந்ததே தவிர லீவர் தொளதொளவென்றே இருந்தது. காற்றுக் குமிழி மேலே போகத்தான் பார்க்கும், நாம் அதைக் கீழே தள்ளப் பார்க்கிறோம். அதனால் தலைகீழாகச் செய்தேன். ஒரு பெரிய ஊசிக் குழாயில் புது டாட் 4 பிரேக் ஆயிலை நிரப்பி, பிளீடரில் டியூபை மாட்டி, கீழிருந்து மெதுவாக ஏற்றினேன். மேலே மாஸ்டரின் ஆயில் தொட்டிக்குள் பொடிப் பொடியாகக் குமிழிகள் வர ஆரம்பித்தன. நின்றுவிட்டது என்று நினைக்கும்போது ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினேன். 'பொளக்' என்று பட்டாணி அளவுக்கு ஒரே ஒரு குமிழி. பேஞ்சோ வளைவில் பதுங்கியிருந்தது அதுதான். உடனே லீவர் கெட்டியானது. இரவு லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவைத்தேன், காலையில் இன்னும் கொஞ்சம் முன்னேற்றம். டாட் 4 பெயின்டைத் தின்றுவிடும். டேங்க்கின் மேல் ஈரத் துணியை விரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனித்தான் அந்த வழுக்கல் கதை.

எல்லாம் சரியாகி மூன்று வாரம் கழித்து, அழகுக்காகவும் என் விரல்களுக்கு எட்டுவதற்காகவும் குட்டை லீவர்கள் இரண்டு வாங்கி மாட்டினேன். அடுத்த ஞாயிறு நீண்ட பயணம். முக்கால் மணி நேரம் போனதும், நான்காம் கியரில் ஏற்றம் ஏறும்போது இஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டேன். மறுபடி அருமையாக ஓடியது. திரும்பவும் முக்கால் மணி நேரத்தில் அதே வழுக்கல்.

இஞ்சின் ஆயில் மேல் சந்தேகப்பட்டேன். ஈரக் கிளட்ச் (பிளேட்டுகள் இஞ்சின் ஆயிலிலேயே நனையும் வகை) வண்டிக்கு ஜாசோ தரத்தின் எம்ஏ அல்லது எம்ஏ2 குறியீடு உள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும், நான் ஊற்றியிருந்ததும் எம்ஏ2 தான். மெக்கானிக் ஒருவர் பார்க்காமலே பிளேட் போய்விட்டது என்றார். கவரைத் திறந்து எல்லா பிளேட்டையும் அளந்தேன். கையேட்டில் சொன்ன அளவுக்குள்தான் இருந்தன. ஸ்டீல் பிளேட்டுகளில் சூட்டால் வரும் நீலம் கூட இல்லை. புது கேஸ்கெட் போட்டு மூடினேன். அடுத்த பயணத்தில் அதே வழுக்கல்.

ஒருநாள் சும்மா தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு லீவரை லேசாகத் தட்டினேன். முதல்முறை காற்றெடுத்தபோது லீவரை அசைத்தாலே தொட்டியின் அடியிலிருந்து ஆயில் ஒரு சின்ன ஊற்றுப்போலப் பீய்ச்சியதைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஆயில் அசையவே இல்லை. அந்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. லீவரை விட்டதும் பிஸ்டன் பின்வாங்கி அந்தத் துளையைத் திறந்துவிட வேண்டும். ஓஸில் இருக்கும் ஆயில் சூட்டில் விரிந்தால் அதன் வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்பும். பிளேட் தேயத் தேயக் கிளட்ச் தானாகவே சரிசெய்துகொள்வதும் இந்தத் துளையால்தான். நான் மாட்டிய குட்டை லீவரின் அடிமூக்கு ஒரு மி.மீ. நீளம் கூடுதல். லீவரை விட்டபிறகும் அது பிஸ்டனைக் கொஞ்சம் அமுக்கியே வைத்திருந்தது. துளை மூடியே கிடந்தது. இஞ்சின் சூட்டில் விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல், அது ஸ்லேவைத் தள்ளித் தள்ளிப் பிளேட்டுகளைப் பாதி விலக்கிவிட்டது. என் கை லீவரில் இல்லாதபோதே கிளட்ச் பாதி அழுத்தப்பட்டிருக்கிறது!

மாஸ்டரோடு வந்த லீவரைத் திரும்ப மாட்டினேன். லீவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி வந்தது. தட்டினேன், ஊற்று பீய்ச்சியது. அன்றிலிருந்து ஒருமுறைகூட வழுக்கவில்லை. முன் பிரேக் மாஸ்டரிலும் இதே துளை உண்டு. அங்கே மூடிக்கொண்டால் ஓட ஓட பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். அந்தப் பக்கத்துக் குட்டை லீவரையும் அன்றே கழற்றிவிட்டேன்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன் பிரேக்குக்கு ஸ்டீல் பின்னல் ஓஸ் போட்டேன், அழுத்தம் உடனே பேட்டுக்குப் போகிறது, மிகவும் பிடித்திருக்கிறது. ஸ்டியரிங்குக்கு டேப்பர் ரோலர் பேரிங். பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் குறைத்தேன், நெடுஞ்சாலைக்கு நல்லது, நெரிசலுக்கு வேண்டாம். கிளட்சைத்தான் அதிகம் பிடிக்க வேண்டிவரும். ஒரு வேண்டுகோள்: கிளட்சைப் பிடித்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகவிடும் சுவிட்ச் லீவரில் இருந்தால் புது மாஸ்டரிலும் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒயரைச் சேர்த்து முறுக்கிவிட்டால் கியரில் இருக்கும்போதே வண்டி கிளம்பும், ஆபத்து.

*

அண்ணா, உங்கள் ஒரு மி.மீ. கதையைப் படித்ததும் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கியது பழைய மாஸ்டர். மூடியில் இருந்த எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. கிளட்ச், பிரேக் இரண்டுக்கும் ஒரே ஆயில்தானே என்று டாட் 4 ஊற்றினேன். ஒரு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் லீவரை விட்டால் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் ரப்பர் சீல் உப்பிப்போய் உருளைக்குள் இறுகிக் கிடந்தது, விரலால் தள்ளினால் நகரவில்லை. அது மகுரா நிறுவன மாஸ்டர், மினரல் ஆயிலுக்கான சீல். பிரெம்போவுக்கு டாட் 4. கேடிஎம் வண்டிகளில் இந்த இரண்டு வகையும் வந்திருப்பதால், நண்பனின் வண்டியில் ஊற்றியதைப் பார்த்து நம் வண்டியில் ஊற்றக் கூடாது. மாஸ்டர், ஸ்லேவ் இரண்டுக்கும் சீல் மாற்றி, ஓஸையும் மாற்றிய பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. மூடியில் எழுத்து இல்லாத பொருளை இனி வாங்கமாட்டேன்.

*

நான் ஹைட்ராலிக் போட்டுவிட்டுக் கேபிளுக்கே திரும்பியவன். குறை சொல்லவில்லை, நெரிசலில் அது தரும் சீரான பிடி கேபிளில் கிடைக்காது. நான் தனியாக நாள்கணக்கில் போகிறவன். ஸ்லேவ் சீல் ஒருமுறை நடுவழியில் கசிந்தபோது கையில் எதுவும் செய்ய முடியவில்லை. இப்போது பழைய கேபிளின் பக்கத்திலேயே புதுக் கேபிள் ஒன்றை ஓட்டிக் கட்டிவைத்திருக்கிறேன். அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாட்டக் கால் மணி நேரம் போதும். ஹோண்டாவே 2004 சிபிஆர் 1000 ஆர்ஆரில் ஹைட்ராலிக் வைத்துவிட்டு 2008 மாடலில் கேபிளுக்குத் திரும்பியது. நீங்கள் கசிவுக்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்?

*

நியாயமான கேள்வி. கழற்றிய கேபிளையும் அதன் லீவரையும் தூக்கிப் போடவில்லை. பிராக்கெட்டைச் செய்யும்போதே கேபிள் உட்காரும் பழைய இடத்தை வெட்டாமல் விட்டிருந்தேன். நீண்ட பயணம் என்றால் இரண்டும் பெட்டிக்குள் வந்துவிடும், மாஸ்டரைக் கழற்றிக் கேபிளுக்கு மாற வீட்டில் ஒருமுறை செய்து பார்த்தேன், முப்பத்தைந்து நிமிடம் ஆனது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றும்போது ஸ்லேவ் சீலையும் மாற்றுவதாக இருக்கிறேன். கிளம்புவதற்கு முதல்நாள் ஸ்லேவின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துவிட்டுப் படுப்பேன். காலையில் தாளில் பொட்டு இருந்தால் அன்று பயணம் இல்லை.