ஏசி மிலான்: எல்லாக் காலத்துக்குமான பதினொருவர் யார்?

சிவப்புக்கறுப்பு எழுதியது:

1899-இல் தொடங்கப்பட்ட இத்தாலியக் கால்பந்துக் கழகமான ஏசி மிலானின் சீருடையை அணிந்தவர்களிலிருந்து பதினொருவரை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் யாரை எடுப்பீர்கள்? நான் வகுத்துக்கொண்ட விதி ஒன்றுதான். மிலானுக்காக ஆடிய ஆட்டம் மட்டுமே கணக்கில் வரும். நாட்டு அணிக்காகவோ வேறு கழகங்களுக்காகவோ பெற்ற புகழ் வராது. ஆகவே ரொனால்டோ, ரொனால்டீனியோ, ரிவால்டோ, பெக்காம் ஆகியோருக்கு இங்கே இடமில்லை. அவர்கள் தங்கள் உச்சத்தை வேறு இடங்களில் எட்டிய பிறகு மிலானுக்கு வந்தவர்கள்.

என் அணி 4-4-2 அமைப்பில் ஆடும். கோல்கீப்பர் செபாஸ்தியானோ ரோஸ்ஸி. பின்களத்தில் வலமிருந்து இடமாகத் தஸ்ஸோத்தி, பாரேசி, நெஸ்டா, மால்தீனி. நடுக்களத்தில் குலித், ரைகார்ட், பிர்லோ, ரிவேரா. முன்களத்தில் வான் பாஸ்டனும் ஷெவ்சென்கோவும்.

மால்தீனியைப் பற்றியும் பாரேசியைப் பற்றியும் விவாதம் எழாது என்று நம்புகிறேன். மால்தீனி 902 போட்டிகள் ஆடி ஐந்து முறை ஐரோப்பாவின் உச்சக் கோப்பையை வென்றவர். பாரேசியோ, கழகம் இரண்டு முறை இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய காலத்திலும் விலகாமல் நின்று, 719 போட்டிகளை அதே சீருடையில் ஆடி முடித்தவர். மற்ற ஒன்பது இடங்களைப் பற்றிப் பேசலாம்.

பழையஏடு எழுதியது:

நண்பரே, உங்கள் பட்டியலில் 1960-க்கு முன்பு மிலானில் ஆடத் தொடங்கிய ஒருவர்கூட இல்லை. குன்னர் நோர்டால் 221 கோல்கள் அடித்தவர். அந்தச் சாதனையைக் கழகத்தில் இன்று வரை எவரும் முறியடிக்கவில்லை; இரண்டாம் இடத்தில் இருக்கும் ஷெவ்சென்கோ 175 கோல்களுடன் வெகு தொலைவில் நிற்கிறார். இத்தாலிய லீக்கில் ஒரு பருவத்தின் அதிகக் கோல் அடித்தவர் என்ற பெருமையை நோர்டால் ஐந்து முறை பெற்றார். 1907-க்குப் பிறகு 44 ஆண்டுகள் லீக் பட்டமே காணாதிருந்த கழகம் 1951-இல் மீண்டும் வென்றது என்றால், அதற்கு அவரும் அவருடன் வந்த ஸ்வீடன் நாட்டவர்களான கிரேன், லீட்ஹோம் ஆகிய இருவரும் முதன்மையான காரணம். எல்லாக் காலத்துக்குமான அணி என்று பெயர் சூட்டிவிட்டு, வண்ணத் தொலைக்காட்சியில் நாம் பார்த்தவர்களையே திரும்பத் திரும்ப எடுப்பது நியாயமாகாது.

பின்வரிசை எழுதியது:

நோர்டாலைப் பற்றிய வழக்கு வலுவானதுதான். ஆனால் எனக்கு முதலில் உறுத்துவது நடுக்களம். பிர்லோவும் ரிவேராவும் ஒரே நடுக்களத்தில், அதுவும் நால்வர் மட்டுமே உள்ள வரிசையில் ஆடினால், எதிரணியிடம் பந்து போகும்போது அதை மீட்கப் போவது யார்? 1960களில் ரிவேரா தலைநிமிர்ந்து ஆட முடிந்ததற்குக் காரணம், பயிற்சியாளர் நேரேயோ ரோக்கோவின் அணியில் லோதெத்தியும் திரபத்தோனியும் அவருக்காகவும் சேர்த்து ஓடியதுதான். பிர்லோவைப் பிற்காலப் பயிற்சியாளர் அஞ்செலோட்டி தற்காப்பு வரிசைக்குச் சற்று முன்னால் நிறுத்தி ஆட்டத்தை அங்கிருந்து நடத்தச் செய்தபோதும், அவருக்குப் பக்கத்தில் கத்தூசோ இருந்தார். இருவருக்கும் காவல் வேண்டும். நீங்கள் வைத்திருப்பதோ ரைகார்ட் ஒருவரை மட்டும்.

என் தீர்வு, பிர்லோவை விட்டுவிட்டு மர்செல் தெஸாயியை எடுப்பது. ஐரோப்பாவின் உச்சக் கோப்பைக்கான 1993 இறுதிப்போட்டியில் மர்செய் அணிக்காக ஆடி மிலானைத் தோற்கடித்த அதே தெஸாயி, மறு ஆண்டே மிலான் சீருடையில் நடுக்களத்தில் நின்று, ஏதென்ஸில் பார்சிலோனாவை 4-0 என்று வீழ்த்திய இறுதிப்போட்டியில் நான்காவது கோலை அடித்தார். அவரும் ரைகார்டும் சேர்ந்து நின்றால் ரிவேரா விரும்பிய இடத்துக்குப் போகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெஸ்டாவைவிடக் கோஸ்டாகூர்ட்டாவே இந்த அணிக்குப் பொருத்தமானவர். பாரேசி 1997-இல் ஓய்வு பெற்றார். நெஸ்டா 2002-இல்தான் லாட்சியோவிலிருந்து வந்தார். இருவரும் மிலானில் ஒரு நிமிடம்கூடச் சேர்ந்து ஆடியதில்லை. தஸ்ஸோத்தி, கோஸ்டாகூர்ட்டா, பாரேசி, மால்தீனி என்ற நால்வரோ பல ஆண்டுகள் ஒரே கயிற்றில் கட்டியவர்களைப் போல முன்னும் பின்னும் நகர்ந்தவர்கள். பின்களத்தார் ஒரே கோட்டில் முன்னேறி எதிராளியை ஆஃப்சைடில் சிக்கவைக்கும், பயிற்சியாளர் சாக்கியின் ஆஃப்சைடு பொறி தனி ஒருவரின் திறமையால் இயங்கியதன்று; ஒருவர் அரை அடி பின்தங்கினாலும் அது உடைந்துவிடும். 1993-94 லீக் பருவத்தில் 34 போட்டிகளில் மிலான் விட்டுக்கொடுத்தவை வெறும் 15 கோல்கள். சாக்கிக்குப் பின் பயிற்சியாளரான கபெல்லோவின் அந்த அணி அடித்தவையும் 36 மட்டுமே என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பட்டத்தைப் பின்களமே வென்று தந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

சிவப்புக்கறுப்பு எழுதியது:

சேர்ந்து ஆடியவர்களையே எடுக்க வேண்டும் என்றால் எல்லாக் காலத்துக்குமான அணி என்ற எண்ணத்துக்கே இடமில்லாமல் போய்விடும். 1989-ஆம் ஆண்டு அணியை அப்படியே எழுதிவிட்டு எழுந்து போகலாம். நெஸ்டா எந்தப் பின்களத்திலும் பொருந்தக்கூடியவர். எதிராளி முழு வேகத்தில் வரும்போதும் அவசரப்படாமல், சரியான நொடியில் காலை நீட்டிப் பந்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் அந்தத் திறமையில் கோஸ்டாகூர்ட்டாவை அவருக்குச் சமமாகச் சொல்ல முடியாது. 2003 இறுதிப்போட்டியில் யுவெண்டஸுக்கு எதிராக நெஸ்டாவும் மால்தீனியும் நடுவில் நிற்க, கோஸ்டாகூர்ட்டா வலப்பக்கத்தில்தான் ஆடினார்.

பின்வரிசை எழுதியது:

அந்த இறுதிப்போட்டியின்போது கோஸ்டாகூர்ட்டாவுக்கு வயது 37. ஒருவருடைய மாலைப்பொழுதை இன்னொருவருடைய உச்சிப்பொழுதோடு ஒப்பிடுவது சரியான அளவுகோல் ஆகாது.

கம்பத்தடி எழுதியது:

கோல்கீப்பரைப் பற்றி எவரும் பேசவில்லையே! ரோஸ்ஸி 1993-94 பருவத்தில் 929 நிமிடங்கள் தொடர்ந்து கோல் வாங்காமல் நின்றது பெரிய செயல்தான்; ஆனால் பின்வரிசை மேலே விவரித்த அந்த நால்வர் முன்னால் நின்றதால் கிடைத்த பங்கு அதில் எவ்வளவு என்பதையும் எண்ண வேண்டும். தீதாவோ 2003 இறுதிப்போட்டியின் பெனால்டி ஷூட்-அவுட்டில், காப்பதற்கு எவரும் முன்னால் இல்லாத நிலையில், மூன்று பந்துகளைத் தடுத்துக் கோப்பையைக் கொண்டுவந்தவர். என் வாக்கு தீதாவுக்கு. வலப்பக்கத்தில் தஸ்ஸோத்தியா கஃபுவா என்றால் தஸ்ஸோத்தியே போதும்.

சிவப்புக்கறுப்பு எழுதியது:

தீதாவை ஏற்கிறேன். நடுக்களத்தைப் பற்றிய பின்வரிசையின் கேள்விக்கு, பிர்லோவை நீக்காமலே விடை காண முடியும் என்று கருதுகிறேன். சாக்கியின் அணியில் குலித் பல நேரங்களில் வான் பாஸ்டனுக்குத் துணையாக முன்களத்தில் ஆடியவர். 1989 இறுதிப்போட்டியில் ஸ்டேயாவா அணிக்கு எதிராக ஆளுக்கு இரண்டு கோல்கள் அடித்து 4-0 என்று வென்றவர்கள் அவ்விருவரே. ஆகவே குலித்தை முன்னுக்கு நகர்த்துகிறேன். பிர்லோ ஆழத்தில் நிற்க, ஒருபுறம் ரைகார்டும் மறுபுறம் தெஸாயியும் காவல் காப்பார்கள். அவர்களுக்கு முன்னால் ரிவேரா. அஞ்செலோட்டி பிர்லோவையும் காகாவையும் ஒரே அணியில் ஆடவைத்த வைர வடிவ அமைப்பு இதுதான். காகாவுக்குப் பதிலாக ரிவேராவை எடுப்பதற்குக் காரணம் காலத்தின் நீளம்: 1960 முதல் 1979 வரை 658 போட்டிகள், இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள், ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான 1969-இன் பலோன் தோர் விருது, கடைசிப் பருவத்தில் கழகத்தின் பத்தாவது லீக் பட்டம்.

இந்த அமைப்பில் ஷெவ்சென்கோ வெளியே உட்கார நேர்வது எனக்கு வருத்தம்தான்.

பழையஏடு எழுதியது:

அதாவது, கழகத்தின் வரலாற்றில் மிக அதிகக் கோல்கள் அடித்த இருவருமே, இருவரும் சேர்ந்து 396 கோல்கள் அடித்திருந்தும், உங்கள் அணியில் இல்லை. பந்தை அழகாகக் கடத்துகிறவர்களுக்கு இரண்டு இடங்களையும், அவர்களைக் காப்பவர்களுக்கு இரண்டு இடங்களையும் கொடுத்துவிட்டதால், பந்தை வலைக்குள் சேர்ப்பவருக்கு இடமில்லாமல் போயிற்று. வான் பாஸ்டன் மூன்று முறை பலோன் தோர் பெற்றவர், கணுக்கால் காயத்தால் 28 வயதிலேயே கடைசிப் போட்டியை ஆட நேர்ந்தவர். அவர் இடத்தை நான் கேட்கவில்லை. பிர்லோவை விட்டுவிடுங்கள். ரைகார்டும் தெஸாயியும் நடுவில் நிற்கட்டும், குலித் வலப்பக்கத்துக்குத் திரும்பட்டும், ரிவேரா இடப்பக்கத்திலிருந்து உள்ளே வரட்டும், வான் பாஸ்டன் சற்று இறங்கிப் பந்தை வாங்கி ஆடட்டும். அவருக்கு முன்னால், இரண்டு தடுப்பாட்டக்காரர்களைத் தோளில் சுமந்துகொண்டே கோலை நோக்கித் திரும்பும் வலிமையுள்ள நோர்டால் நிற்பார். கிரேனும் லீட்ஹோமும் கொடுத்ததைவிட நல்ல பந்துகள் ரிவேராவிடமிருந்து அவருக்குக் கிடைக்கும். இந்தப் பதினொருவரில் பின்வரிசைக்கு மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

பின்வரிசை எழுதியது:

நடுக்களத்திலும் முன்களத்திலும் மறுப்பில்லை. நெஸ்டாவின் இடத்தில் கோஸ்டாகூர்ட்டா வரும் வரை பின்களத்தை நான் ஏற்கப் போவதில்லை.