கராத்தே கட்டா மூவ்மெண்ட்டுக்கு நிஜ சண்டையில என்ன அர்த்தம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் மாஸ்டர்ஸ், மன்னார்குடி பக்கம் ஷோட்டோகான் கராத்தே கிளாஸ்ல சின்னப் பசங்களுக்கு நான்தான் கட்டா (தனியா செய்யுற அசைவு வரிசை) சொல்லிக்குடுக்குறேன், புங்காய்ல, அதாவது அந்த அசைவோட சண்டை அர்த்தத்துல, ஒரு டவுட்டு. ஹெயான் ஷோதான்ங்குற கட்டாவுல பின்னால திரும்பி கெதான் பராய் (முன்கைய கீழ வீசுற பிளாக்) போட்டதும் முன்கால இழுத்து கையச் சுத்தி டெட்சுய் (முஷ்டிய சுத்தியல் மாதிரி அடிக்கிறது) இறக்குவோமே, அது மணிக்கட்டப் பிடிச்சவன்கிட்ட இருந்து கைய உருவுறதுன்னு புரியுது, செஞ்சு பாத்தாச்சு, நல்லாவே வேல செய்யுது. ஆனா அந்த கெதான் பராய்? கிக்கத் தடுக்கறதுங்குறாங்க, வேகமா வர்ற கால முன்கையால அடிச்சா நம்ம கைதான் போகும். அது சரி, இன்னொரு கை எதுக்கு இடுப்புக்கு வருது? எனக்கென்னமோ அந்த ஹிகிதே (இடுப்புக்கு இழுக்குற கை) எதிராளி கையப் பிடிச்சு இழுக்குறது, கீழ வர்ற கை அவன் முழங்கைய அமுக்குறதுன்னு படுது. இந்தக் கட்டாவ இதோசுங்குற ஒகினாவா கராத்தே மாஸ்டர் 1900-கள் தொடக்கத்துல ஒகினாவா ஸ்கூல் பசங்களுக்காக அமைச்சதுனால, டேஞ்சரான அர்த்தத்த சொல்லாம வெறும் பிளாக்னு விட்டுட்டாங்கன்னு ஒரு பேச்சும் இருக்கு.

டெக்கிங்குற கட்டா வேற, வரப்புல நடக்குற மாதிரி பக்கவாட்டுலயே போகுது, ஏன்னே தெரியல.

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் சிலம்பத்தோட குத்துவரிசையும் கத்துக்கிட்ட அண்ணன்மார் யாராச்சும் இருந்தா, அதுல இதே மாதிரி பிடிச்சு இழுக்குற அடி இருக்கான்னு சொல்லுங்க. ஜோடியா செஞ்ச வீடியோ இருந்தா ரொம்ப உதவி, மெதுவா செஞ்சதா இருந்தா இன்னும் நல்லது.