புது பேட்டரி போட்டும் ஏர்டேக் ஒலி எழுப்பவில்லை: பழுது கருவியிலா, பேட்டரியிலா?

வடக்குவீதி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாரின் ஸ்கூட்டர் சாவிக்கொத்தில் ஓர் ஏர்டேக்கை, அதாவது பொருள் இருக்கும் இடத்தை ஐபோனில் காட்டும் ஆப்பிளின் சிறு வில்லைக் கருவியை, கோத்து வைத்திருக்கிறோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, சென்ற ஆண்டு பொங்கலுக்கு வந்திருந்தபோது அதைத் தன் ஐபோனில் இணைத்து, என் ஐபோனுக்கும் பகிர்ந்துவிட்டுப் போனான். சாவிக்காக வீடு முழுவதையும் புரட்டிப் போடும் வழக்கம் அன்றோடு நின்றது. 14 மாதங்கள் சிக்கலில்லாமல் ஓடிய பிறகு, பேட்டரி குறைந்துவிட்டதாகத் தன் கைப்பேசியில் அறிவிப்பு வந்திருப்பதாகத் தம்பி சொன்னான். நான் நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிப் போட்டேன். கருவி முற்றிலும் ஓய்ந்துவிட்டது.

பின்பக்க எஃகு மூடியை இரு கட்டைவிரல்களாலும் அழுத்தி இடப்பக்கமாகத் திருப்பித் திறந்தேன். உள்ளே இருந்த பேட்டரியில் சி.ஆர். 2032 என்று பொறித்திருந்தது. அதே எண்ணுள்ள இரண்டு பேட்டரிகள் கொண்ட அட்டையைப் பல்பொருள் அங்காடியில் வாங்கினேன். பெயர் பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பு, அட்டையும் பிரிக்கப்படாதது, காலாவதி ஆண்டும் தொலைவில்தான் இருக்கிறது. கூட்டல் குறியுள்ள பக்கம் மேலே தெரியும்படி வைத்தபோது, வரவேண்டிய ஒலி வரவில்லை. இரண்டாவது பேட்டரிக்கும் அதே கதிதான். ஐந்தாறு முறை எடுத்தெடுத்து வைத்தேன்; பதற்றத்தில் ஒருமுறை தலைகீழாகவும் வைத்துவிட்டேன். ஆனால் அதே பேட்டரியைச் சமையலறை டிஜிட்டல் தராசில் போட்டால் தராசு உடனே உயிர் பெறுகிறது. ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது, ஏர்டேக்தான் போய்விட்டது என்று முடிவு கட்டலாமா? இன்னொரு கவலையும் உண்டு. பேட்டரியை ஐந்து முறை கழற்றி மாட்டினால் கருவி பழைய நிலைக்கு மீட்டமைக்கப்பட்டுவிடும் என்று எங்கோ படித்தேன். அப்படி நடந்திருந்தால், மறுபடி இணைப்பதற்குத் தம்பி ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

சாலிடர்புகை எழுதியது:

வணக்கம் நண்பரே. தராசில் வேலை செய்கிறது, ஏர்டேக்கில் வேலை செய்யவில்லை என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே நோயைக் காட்டிக் கொடுத்துவிட்டது. பேட்டரி வந்த அட்டையைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். கசப்புப் பூச்சு கொண்டது என்றோ, குழந்தைப் பாதுகாப்பு என்றோ ஏதேனும் எழுதியிருக்கும். பிறகு பேட்டரியின் கழித்தல் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளக்கும் உலோகத்தின் மேல் சற்று மங்கலான படலம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

குழந்தைகள் இந்தப் பேட்டரியை வாயில் போட்டால் உடனே துப்பிவிட வேண்டும் என்பதற்காகச் சில நிறுவனங்கள் டெனட்டோனியம் பென்சோயேட் போன்ற கடுங்கசப்புப் பொருளை அதன் மேல் பூசுகின்றன. நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. பேட்டரி உட்காரும் குழியில் இருக்கும் சிறிய தொடுமுனைகள் பூச்சில்லாத இடத்தில் பட்டால் கருவி இயங்கும். பூச்சின் மேல் பட்டால் உள்ளே முழு மின்சாரம் இருந்தும் வெளியே ஒரு சொட்டு வராது. உங்கள் தராசின் தொடுமுனை படும் இடம் வேறு, ஏர்டேக்கின் தொடுமுனை படும் இடம் வேறு, அவ்வளவுதான். கசப்புப் பூச்சுள்ள சி.ஆர். 2032 பேட்டரிகள், பூச்சு தொடுமுனைகளின் மேல் எவ்வாறு அமைகிறது என்பதைப் பொறுத்து, ஏர்டேக்கில் வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எச்சரித்திருக்கிறது. பேட்டரி வாங்கப் போகும் முன் உதவிப் பக்கத்தைப் படிப்பவர் யார் என்பது தனிக் கேள்வி. நானும் படிக்காமல்தான் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தேன்.

எனவே கருவி போய்விட்டது என்ற முடிவுக்கு இப்போதே வர வேண்டாம். பூச்சில்லாத சி.ஆர். 2032 ஒன்றை வாங்குங்கள். எண்ணில் சமரசம் கூடாது. முதல் இரண்டு இலக்கங்கள் 20 மில்லிமீட்டர் விட்டத்தையும், அடுத்த இரண்டு 3.2 மில்லிமீட்டர் தடிமனையும் குறிப்பவை. கடையில் இல்லையென்று 2025-ஐ நீட்டுவார்கள்; அதன் தடிமன் 2.5 மில்லிமீட்டர்தான் என்பதால் தொடுமுனையில் சரியாக அழுந்தாது. கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு, பேட்டரியை விளிம்பில் பிடித்து, கூட்டல் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து மெதுவாக அழுத்துங்கள். மூடியைப் போடுவதற்கு முன்பே ஒலி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மூடியை மூடிப் பயனில்லை. கேட்ட பிறகு, மூடியின் மூன்று நாக்குகளும் கருவியின் மூன்று பள்ளங்களில் இறங்கும்படி பொருத்தி, வலப்பக்கமாக நிற்கும்வரை திருப்புங்கள். ஸ்கூட்டர் சாவி மழையில் நனையும் என்பதால் மூடி அரைகுறையாக நிற்கக் கூடாது.

தலைகீழாக வைத்ததால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் புது பேட்டரி போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்; ஒரு நொடி மாறி வைத்தவர்கள் பலரின் கருவிகள் நலமாகவே இருக்கின்றன. மீட்டமைப்பைப் பற்றிய கவலையை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த முறையில் ஒவ்வொரு முறை பேட்டரியை அழுத்தும்போதும் ஒலி வர வேண்டும், ஐந்தாவது முறை வேறு மாதிரியான ஒலி வர வேண்டும். உங்களுக்கு ஓர் ஒலியும் வரவில்லை, ஆகவே எண்ணிக்கை தொடங்கவே இல்லை. பேட்டரி மாற்றுவதால் இணைப்பும் போகாது. உரிமை தம்பியின் கணக்கோடு பிணைந்தது, பேட்டரியோடு அல்ல.

ஆறாவதுவிரல் எழுதியது:

எனக்கும் இதே அனுபவம் உண்டு, ஆனால் நான் வேறு பேட்டரி தேடி அலையவில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து, கழித்தல் பக்கத்தை இரண்டு நிமிடம் அழுத்தித் துடைத்தேன், ஒலி வந்துவிட்டது. துடைக்கும் முன் மல்டிமீட்டரில் பார்த்தபோது 3.2 வோல்ட் காட்டியது. கையில் இருக்கும் நல்ல பேட்டரியை விட்டுவிட்டு இன்னொன்றுக்குக் காசு கொடுப்பானேன்?

சாலிடர்புகை எழுதியது:

துடைத்தால் வேலை செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. துடைப்பதற்கு முன், பேட்டரியைக் குழிக்குள்ளேயே சிறிது சிறிதாகச் சுழற்றிப் பார்த்தால்கூடச் சில வேளைகளில் தொடுமுனை நல்ல இடத்தில் பட்டு ஒலி வந்துவிடும். ஆனால் சாவிக்கொத்து நாள்தோறும் குலுங்குவதால் அந்தத் தொடர்பு நிலைக்கும் என்று நம்ப முடியாது.

மல்டிமீட்டரைப் பற்றி ஒரு சொல். இந்த வகை லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் ஆயுளின் பெரும்பகுதியில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்று, கடைசியில்தான் சரியும். எந்தக் கருவிக்கும் மின்சாரம் கொடுக்காத நிலையில், அதாவது சுமையில்லாமல், அளந்தால் கிழட்டுப் பேட்டரியும் 2.9 வோல்ட் காட்டி ஏமாற்றும். சுமார் 225 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு ஓராண்டுக்கு வருகிறது என்றால், கருவி சராசரியாக 26 மைக்ரோ ஆம்பியர் அளவிலேயே மின்சாரம் இழுக்கிறது என்று கணக்கு வருகிறது. ஆனால் புளூடூத் சைகை அனுப்பும் கணத்திலும், ஒலி எழுப்பும் கணத்திலும் அதைப்போலப் பல நூறு மடங்கு தேவைப்படும். பழைய பேட்டரியின் உள்மின்தடை கூடியிருப்பதால் அந்தக் கணத்தில் அழுத்தம் விழுந்துவிடும். அளக்க வேண்டுமென்றால் 100 ஓம் மின்தடை ஒன்றைக் குறுக்கே வைத்து, இரண்டு நொடிக்குள் அளந்துவிடுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலி. ஆல்கஹால் யோசனையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் சிறு குழந்தை இருந்தால், அல்லது வந்து போகும் வீடாக இருந்தால், அந்தப் பூச்சைத் தயவுசெய்து துடைக்காதீர்கள். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள பேட்டரி சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளச் சரியான அளவு. ஈரமான சதையில் அது மின்சுற்றை முழுமையாக்கி, கழித்தல் முனையருகே திசுவை அரிக்கும் காரப்பொருளை உண்டாக்குகிறது. இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடுமையான புண் ஏற்படலாம். பேட்டரி உடைந்து கசிய வேண்டும் என்பதில்லை.

வடக்குவீதி அவர்களே, கழற்றி வைத்த பழைய பேட்டரி எங்கே இருக்கிறது? ஏர்டேக்கை இயக்க முடியாத அளவுக்குத் தீர்ந்த பேட்டரியிலும் திசுவைச் சுட்டெரிக்கப் போதுமான அழுத்தம் மிச்சமிருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. மேசை ஓரத்தில் விட்டுவிடாமல், இரு பக்கமும் ஒட்டுநாடா சுற்றி, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்க்கும்வரை உயரத்தில் வையுங்கள்.

விழுங்கியிருப்பார்களோ என்ற ஐயம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயதைக் கடந்த குழந்தையாக இருந்து, விழுங்கிப் 12 மணி நேரம் ஆகாமல் இருந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் தேடிப் புறப்பாட்டைத் தாமதப்படுத்தக் கூடாது. எக்ஸ்ரேயில் நாணயத்துக்கு ஒற்றை விளிம்பும், பேட்டரிக்கு இரட்டை விளிம்பும் தெரியும். ஆனாலும் எந்த வகைப் பேட்டரி என்று அட்டையைக் கொண்டுவந்து காட்டினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

ஆறாவதுவிரல் எழுதியது:

அம்மா, என் வீட்டில் குழந்தைகள் இல்லை என்பதால் இந்தக் கோணத்தை யோசிக்கவே இல்லை. துடைக்கும் யோசனையை எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னது தவறு, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அடிக்கடி வாங்குவதற்குப் பதிலாக, மறுமின்னேற்றம் செய்யும் எல்.ஐ.ஆர். 2032 போடலாமா?

சாலிடர்புகை எழுதியது:

வேண்டாம். அளவு ஒன்றுதான், ஆனால் அதன் பெயரளவு மின்னழுத்தமே 3.6 வோல்ட், முழுதாக ஏற்றினால் 4.2 வோல்ட் வரை போகும். 3 வோல்ட்டுக்கென அமைத்த கருவியில் அதைப் போடுவது வலியப் போய் வம்பை விலைக்கு வாங்குவது. கொள்ளளவும் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

வடக்குவீதி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அட்டையைக் குப்பைக் கூடையிலிருந்து மீட்டுப் பார்த்தேன். மூலையில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில், கசப்புப் பூச்சு என்று இருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கைக்கடிகாரக் கடையில் பூச்சில்லாத பேட்டரி கிடைத்தது. கடைக்காரர் முதலில் டப்பாவில் கொட்டிக் கிடந்தவற்றிலிருந்து ஒன்றை எடுத்தார். ஒன்றோடொன்று உரசிக் கிடப்பவை தீர்ந்திருக்கக்கூடும் என்பதால் அட்டையோடு இருப்பதைக் கேட்டு வாங்கினேன். கடையிலேயே போட்டுப் பார்த்தோம், வைத்த மாத்திரத்தில் ஒலி வந்தது. தலைகீழாக வைத்ததால் எந்தக் கேடும் இல்லை. மறுபடி இணைக்க வேண்டியிருக்கவில்லை. வீடு திரும்புவதற்குள், சாவி பேருந்து நிலையத்தில் என்ன செய்கிறது என்று தம்பி சிங்கப்பூரிலிருந்து கேட்டுவிட்டான்.

செவிலி அம்மாவுக்கு: பழைய பேட்டரி தொலைக்காட்சி மேசையின் மேல்தான் கிடந்தது. அக்காள் மகளுக்கு இரண்டரை வயது, ஞாயிறுதோறும் வருகிறாள். ஒட்டுநாடா சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன். பூச்சுள்ள இரண்டில் ஒன்று தராசில் இருக்கிறது, மற்றது பிரித்த அட்டைக்குள்ளேயே அந்தப் பழைய பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தராசின் பேட்டரி மூடியில் திருகு இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். அதையும் மேல் அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.