எஃப்-16 போர் விமானத்து பீரங்கிக்கு தோட்டா எப்படி ஏத்துறாங்க? கையாலயா மிஷின்லயா?

தெம்பனிஸ்_அப்பா:
2023ல சிங்கப்பூர் பாய லேபார் விமானத் தளத்துல ஓப்பன் ஹவுஸ் வச்சாங்கல்ல, பையனக் கூட்டிட்டு போயிருந்தேன். வெயில்ல வெந்து வரிசைல நின்னு எஃப்-16 கிட்ட போனா, அவன் ஏவுகணையெல்லாம் விட்டுட்டு காக்பிட்டுக்குப் பின்னால இடது பக்கம் இருக்கற சின்ன பீரங்கி ஓட்டையவே பாத்துட்டு நிக்கிறான். நேத்து கோப்பி கடைல உக்காந்திருக்கும்போது திடீர்னு கேக்குறான், "அப்பா, அதுக்குள்ள தோட்டாவ யாரு ஒன்னொன்னா அடுக்குவாங்க?" நெட்ல தேடுனா 511 தோட்டா, நிமிஷத்துக்கு 6000ன்னு போட்டிருக்கு. அப்படின்னா அஞ்சு வினாடில எல்லாம் காலி. திரும்ப ரொப்புறது எப்படி? ரகசியம் எதுவும் வேணாம்ப்பா, எனக்கு இன்னும் ரிசர்விஸ்ட் (ராணுவ ரிசர்வ் பயிற்சி) பாக்கி இருக்கு.

ஸ்பானர்_மணி:
கேம்ப்ல பாத்தது எதையும் இங்க எழுத மாட்டேன், ஆனா எஃப்-16ல இருக்கற எம்61 வல்கன் 1950கள்ல வந்த பீரங்கி, புத்தகத்துலயே எல்லாம் இருக்கு. மொதல்ல ஒன்னு புரிஞ்சுக்கங்க, படத்துல வர்ற மாதிரி மாலையா கோத்த தோட்டா இதுல கெடயாது. ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு, அந்த வேகத்துல இணைப்பு கம்பி சிக்கிக்கிட்டு தொல்லை பண்ணவும் கம்பியே இல்லாத முறைக்கு மாத்திட்டாங்க. இப்ப ஒரு பெரிய டிரம். அதுக்குள்ள தோட்டாவெல்லாம் மூக்கு நடுவுக்கும் அடிப்பாகம் சுவத்துக்குமா படுத்திருக்கும். நடுவுல ஒரு திருகு, கறி அரைக்கிற மிஷினுக்குள்ள இருக்குமே அதே மாதிரி, அது சுத்தச் சுத்த தோட்டா வரிசையா முன்னால நகரும். டிரம்முக்கும் பீரங்கிக்கும் நடுவுல கன்வேயர். சுட்ட வெத்து கேஸ (தோட்டாவோட வெளிக்கூடு) வெளிய வீசுறதும் இல்ல, அதே சுத்துல டிரம்முக்கே திரும்பிடும். வெளிய போட்டா விமானத்து மேலயே பட்டுடும்ல. மால்ல சூஷி பெல்ட் பாத்திருப்பீங்க, நெறஞ்ச தட்டு வரும் காலித் தட்டு போகும், அதேதான்.

ஏத்துறதுக்கு சக்கரம் வச்ச ஒரு லோடர் வண்டி இருக்கு. அதோட வாய விமானத்துல இருக்கற கன்வேயரோட மாட்டிட்டு கை கிராங்க்கோ மோட்டரோ வச்சு சுத்தினா, ஒரு பக்கம் புதுசு ஒன்னு உள்ள போகும்போதே இன்னொரு பக்கம் வெத்து கேஸ் ஒன்னு வெளிய வரும். எறக்குறது தனி, ஏத்துறது தனின்னு ரெண்டு வேலை கெடயாது, அதுதான் இதுல அழகே. ஒரு தோட்டா கால் கிலோ வரும், 511னா கிட்டத்தட்ட 130 கிலோ, கையால அடுக்குனா இடுப்பு போயிடும்.

துவாஸ்_கியர்:
மணி அண்ணே நல்லா சொன்னீங்க, ஆனா கஷ்டம் எங்கன்னா லோடர் கன்வேயர்லேருந்து விமான கன்வேயருக்கு தோட்டா கை மாறுற எடம். ரெண்டு பக்கமும் பல்சக்கரம் ஒரே கணக்குல ஓடணும். நான் முன்ன ஒரு பாட்டில் லைன்ல இருந்தேன், ஒரு நாள் ஸ்டார் வீல (பாட்டில ஒன்னொன்னா நகத்துற பல்சக்கரம்) ஒரே ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டாங்க, அவ்ளோதான், நாங்க ஓடிப் போய் நிறுத்துறதுக்குள்ள இருபது முப்பது பாட்டில் நொறுங்கி கீழ ஜூஸா ஓடுது. அங்க ஜூஸ், இங்க வெடிமருந்து. அதான் மொதல்ல கையால மெதுவா சுத்திப் பாத்துக்குவாங்கன்னு நெனைக்கிறேன்.

பழைய_தெங்கா:
எங்க காலத்துல ஹண்டர் போர் விமானம். 30 மி.மீ. ஏடன் பீரங்கி நாலு, தோட்டாப் பெட்டியோட சேத்து ஒரே பேக். சுட்டுட்டு எறங்குச்சுன்னா அந்த பேக்கையே வின்ச் வச்சு கீழ எறக்கிட்டு, ஏற்கனவே ரொப்பி வச்ச இன்னொன்ன மேல ஏத்திடுவோம். குழல் மட்டும் விமானத்துலயே நிக்கும். நம்ம ஆகாயப்படைல 1992 வரைக்கும் பறந்துச்சு தம்பி, லோடரும் கெடயாது ஒன்னும் கெடயாது. வின்ச் சுத்தி சுத்தி கைதான் காச்சுப் போச்சு.

தெம்பனிஸ்_அப்பா:
ரொம்ப நன்றி அண்ணே எல்லாருக்கும். சூஷி கதைய பையன்கிட்ட சொன்னேன், உடனே கேக்குறான், "யாரும் சாப்பிடாத தட்டும் சுத்தி வருமே, அது மாதிரி வெடிக்காத தோட்டா?" எனக்கு பதில் இல்ல.

ஸ்பானர்_மணி:
பையன என்ஜினியரிங்ல சேத்து விடுங்க! ஆமா வரும். சாதா துப்பாக்கில தோட்டா வெடிச்சாதான் அடுத்தது நகரும், இதுல மோட்டர் வெளிலேருந்து சுத்துது, அதனால வெடிக்காத தோட்டாவும் பேசாம கடந்து போயி வெத்து கேஸோட கேஸா டிரம்முக்கு வந்துடும். பைலட் ட்ரிக்கர விட்டப்புறமும் நல்ல தோட்டா சிலது சுடாமலே உள்ள போயிருக்கும். அதனால லோடர்லேருந்து வெளிய வர்றத "காலிதானே"ன்னு வாளில கொட்ட முடியாது, ஒவ்வொன்னா பாத்து பிரிக்கணும். அதுலயும் இந்த 20 மி.மீ. தோட்டா ஊசி குத்தி வெடிக்கிற ரகம் இல்ல, மின்சாரத்துல பத்திக்கிறது. அதான் லோடர மாட்டுறதுக்கு முன்னாடியே விமானம், வண்டி ரெண்டுக்கும் எர்த் கம்பி போட்டுடுவாங்க.